பிலிம் கமராவில் தொடங்குவதா, டிஜிற்றலில் தொடங்குவதா?

கேள்வி: உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி, 2025 ஜனவரி 19

அண்ணாமார், அக்காமார், படம் எடுக்கப் பழக வேண்டும் என்று கனநாள் ஆசை. மாமா வீட்டு அலுமாரியில் ஒரு ஜெனித்-இ கமரா 58 மில்லிமீற்றர் லென்ஸோடு கிடக்கிறது. கேட்டால் சும்மாவே தருவார். தெரிந்த ஒருவர் தன் பழைய கனன் டிஜிற்றலைக் குறைந்த விலைக்குக் கொடுக்கப் பார்க்கிறார். இதற்கிடையில் ஒரு அண்ணா, "டிஜிற்றலில் தொடங்கினால் நீ பட்டன் அமத்தத்தான் பழகுவாய், படம் எடுக்கப் பழகமாட்டாய். முதலில் பிலிமில் கையைப் பழக்கு" என்று அடித்துச் சொல்கிறார். அது உண்மையா? கையில் பெரிய காசு இல்லை.

2025 ஜனவரி 20

அந்த அண்ணா சொன்னதில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள், பாதியை விட்டுவிடுங்கள்.

நான் எண்பதுகளில் திருகோணமலை நகரில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, பிலிம் கழுவும் ஹைப்போ மருந்தின் மணத்துக்குள் நின்று பழகியவன். இப்போது கையில் இருப்பது பெரும்பாலும் டிஜிற்றல்தான். இரண்டிலும் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறேன். பிலிமில் தொடங்கியவர்கள் எல்லாரும் கெட்டிக்காரராக வந்தார்கள், டிஜிற்றலில் தொடங்கியவர்கள் பட்டனோடு நின்றுவிட்டார்கள் என்று நான் கண்டதில்லை.

பிலிம் பொறுமையைப் பழக்கும் என்பார்கள். பொறுமை நல்ல குணம்தான். ஆனால் எவ்வளவு பொறுமையாக நின்றும் பிழையான எக்ஸ்போஷரில், அதாவது வெளிச்சம் கூடியோ குறைந்தோ, எடுக்கலாம். பிலிமில் படிப்பிக்கிற பகுதி வேறு. திரை இல்லாதபடியால், படம் எப்படி வரப்போகிறது என்று அமத்த முன்பே நீங்கள் ஊகித்தாக வேண்டும். அந்த ஊகம்தான் படிப்பு.

எங்கள் ஊர் வெளிச்சத்தையே எடுங்கள். வெயில் நன்றாக எறிக்கும்போது அப்பேச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, எஃப் 16 இல் வைத்தால் (எஃப் எண் பெரிதானால் துவாரம் சிறிது), ஷட்டர் வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு, அதாவது அது வெளிச்சத்தை உணரும் அளவுக்கு, கிட்ட இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 200 என்றால் 1/250 செக்கன். இது உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கும் கணக்கு. டச்பே கடற்கரையில் காலை பத்து மணிக்கு நின்றால் மணலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், எஃப் 22 வரை போகலாம். அங்கிருந்து கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மான்கள் படுத்திருக்கும் மரநிழலுக்கு வாருங்கள். அதே ஷட்டர் வேகத்தில் இப்போது எஃப் 4 வேண்டும். சிறு நடைதான், அதற்குள் வெளிச்சம் முப்பதில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. கண் இதை உங்களுக்குச் சொல்லாது, அது தன் பாட்டில் சரிசெய்துகொள்ளும். இந்த வித்தியாசத்தைத் தானாகவே உணரும் நிலைக்கு வருகிறவர் எந்தக் கமராவோடும் பிழைத்துக்கொள்வார்.

இதைப் பழக பிலிம் கட்டாயம் இல்லை. எப்படி என்று இரவைக்கு எழுதுகிறேன்.

2025 ஜனவரி 20, இரவு

கனனை வாங்கினால் செய்ய வேண்டியது இது. கமராவை, எல்லாம் கையால் வைக்கும் எம் என்ற நிலைக்குத் திருப்புங்கள். ஐஎஸ்ஓவை 200 இல் வைத்து, அன்று முழுக்க அதைத் தொடாதீர்கள். எடுத்தவுடன் படம் திரையில் தெரியும் வசதியை நிறுத்துங்கள். வெளிச்சம் அளக்கும் மீற்றரையும் பார்க்காதீர்கள். வெளிச்சத்தைப் பாருங்கள், எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள், வளையத்தில் வையுங்கள், எடுங்கள். அதன்பிறகு திரையைத் திறந்து விடையைப் பாருங்கள். வெளிறியிருந்தால் எத்தனை ஸ்டொப் கூட, இருண்டிருந்தால் எத்தனை ஸ்டொப் குறைய (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது) என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

வாய்விட்டுச் சொல்வது முக்கியம். மனதுக்குள் சொன்னால், விடையைப் பார்த்த பிறகு "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று மனம் மாற்றிவிடும்.

2025 ஜனவரி 24

சாம்பல்தீவில் இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: பிலிமின் அழகே காத்திருப்பதில்தான் இருக்கிறது, விடை உடனே தெரிந்தால் பாடம் மனதில் நிற்காது என்று. அக்கா, இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளையை நாங்களே ஸ்டூடியோவில் கழுவினோம். கலர் றோல் கொழும்புக்குப் போக வேண்டும். பயணம் ஒழுங்காக நடக்கும் காலத்தில் ஒரு கணக்கு, பாதை பூட்டினால் வேறு கணக்கு. றோல் திரும்பி வரும்போது, பத்தாவது படத்தில் எஃப் 8 வைத்தேனா, 5.6 வைத்தேனா, அந்த நேரம் முகில் மூடியிருந்ததா என்று யாருக்கு நினைவிருக்கும்? படம் இருண்டிருப்பது தெரியும், என்ன செய்ததால் இருண்டது என்பது தெரியாது. விடைத்தாளைத் தவணை முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு திருப்பித் தரும் வாத்தியாரிடம் கணக்குப் படிப்பது போன்றது அது.

ஆகவேதான் எங்கள் ஸ்டூடியோ முதலாளி ஒரு சின்னக் கொப்பியை நூலில் கட்டிக் கமராப் பையோடு தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி: இடம், வெளிச்சம், அப்பேச்சர், வேகம். வியர்வையில் பென்சில் எழுத்து அழியாது என்று பேனாவே பாவிக்க விடமாட்டார். டிஜிற்றலில் அந்தக் கொப்பியைக் கமராவே எழுதிவிடுகிறது. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் வேகம், அப்பேச்சர், ஐஎஸ்ஓ, நேரம் எல்லாம் பதிந்திருக்கும். படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய கொடை. அதைத் திறந்து பார்க்கிறவர்கள் குறைவு என்பதுதான் என் கவலை.

2025 பெப்ரவரி 2

தம்பி ஜெனித்தைக் கையில் எடுத்துப் பார்த்ததாகவும், லென்ஸில் ஏன் இரண்டு அப்பேச்சர் வளையம் இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறார்.

அந்த லென்ஸ் அநேகமாக ஹீலியோஸ் 44-2, 58 மில்லிமீற்றர், எஃப் 2. இரண்டில் ஒரு வளையம் கிளிக் கிளிக் என்று எண்ணில் நிற்கும். அதை எஃப் 8 இல் வைத்தால் அது ஒரு தடுப்பு, அவ்வளவுதான். மற்ற வளையம் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு எஃப் 2 இலிருந்து அந்தத் தடுப்பு வரை போய் நிற்கும். போகஸ் பார்க்க முழுதாகத் திறக்க வேண்டும், எடுக்க முதல் விரலால் மூட வேண்டும். மூடும்போது, கண் வைத்துப் பார்க்கும் வியூபைண்டருக்குள் உலகம் இருண்டுகொண்டு போவது தெரியும். லென்ஸின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே திருப்பிப் பாருங்கள். இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று வந்து நடுத்துவாரம் சுருங்கும். எஃப் எண் பெரிதாகும்போது துவாரம் சிறிதாவதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு அதற்குப் பிறகு குழப்பம் வராது. இந்த ஒரு விஷயத்தில் எந்த டிஜிற்றல் மெனுவும் இந்தக் கண்ணாடிக்குக் கிட்ட வராது.

இனி அந்தக் கமராவில் கவனிக்க வேண்டியவை. நெற்றியில் குமிழ் குமிழாகத் தெரியும் கண்ணாடி செலினியம் மீற்றர். அதற்குப் பற்றரி வேண்டாம், ஆனால் வயதாகிவிட்டது. ஊசி அசைந்தால்கூட நம்ப வேண்டாம். ஷட்டர் 1/30 இலிருந்து 1/500 வரை மட்டும்தான். ஐஎஸ்ஓ 400 பிலிமைப் போட்டுக்கொண்டு நடுவெயிலில் கடற்கரைக்குப் போனால் 1/500, எஃப் 16 என்று ஒரே மூலையில் மாட்டிக்கொள்வீர்கள். பின்னணியை மங்க வைக்கும் ஆசை அங்கே நடக்காது. 100 அல்லது 200 பிலிம் எடுங்கள்.

பிலிம் ஏற்றும்போது ஒரு பழக்கம். பின்மூடியைப் பூட்டியதும் இடதுபக்க ரீவைண்ட் குமிழை மெதுவாகச் சுற்றி, உள்ளே பிலிமின் தளர்வை இறுக்குங்கள். பிறகு அடுத்த படத்துக்கு லீவரைத் தள்ளும்போது அந்தக் குமிழும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பிலிம் பல்லில் பிடிக்கவில்லை. கல்யாண வீட்டில் தாலி கட்டிய நேரம் முழுக்க வெறும் கமராவோடு நின்றவர்களை எனக்குத் தெரியும். குமிழை ஒரு கண் பார்த்திருந்தால் தப்பியிருப்பார்கள்.

2025 பெப்ரவரி 3

பற்றரி என்றதும் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை இருந்தது. அங்கே இருந்த என் சித்தப்பாவிடம் முழுக்க இயந்திரத்தில் ஓடும் கமரா ஒன்று இருந்தபடியால்தான் அந்த வருடங்களில் எங்கள் உறவுக்காரப் பிள்ளைகளுக்குப் படம் என்று ஒன்று இருக்கிறது. பென்டாக்ஸ் கே1000, நிக்கோன் எஃப்எம்2 போன்றவற்றிலும் பற்றரி மீற்றருக்கு மட்டும்தான், அது செத்தாலும் ஷட்டர் அடிக்கும். கனன் ஏஇ-1 இல் பற்றரி இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. பழைய கமரா வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

2025 பெப்ரவரி 11

ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார்: பிலிம் நேர்மையானது, எடுத்தது எடுத்தபடி, டிஜிற்றல்காரர்தான் கணினியில் வைத்துப் பொய் செய்கிறார்கள் என்று.

ஐயா, ஸ்டூடியோவில் எனக்கு இரண்டாவதாகப் பழக்கிய வேலையே நெகற்றிவில் ரச்சிங், அதாவது முகத்தைத் திருத்தும் வேலை, செய்வதுதான். சாய்வான மேசையின் நடுவில் வெள்ளைக் கண்ணாடி, அடியில் பல்ப். நெகற்றிவைக் கண்ணாடியில் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்தின் பருத்தழும்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக நிரப்ப வேண்டும். நெகற்றிவில் கறுப்பாக்கினால் பிரிண்டில் வெள்ளையாகும். திருகோணமலையில் அந்தத் தலைமுறைப் பெண்பிள்ளைகளின் கல்யாணப் பேச்சுக்குப் போன படங்களில் பென்சில் படாதது அருமை.

நம் நாட்டின் ஆகப் பெரிய படக்கலைஞர்களில் ஒருவரான லயனல் வென்ட்டைப் பாருங்கள். 1944 இல் காலமானவர். லைக்காவும் ரோலைபிளெக்ஸும் பாவித்தவர். பாதி கழுவிய நிலையில் வெளிச்சம் காட்டி ஓரங்களில் கோடு வரச் செய்தார், பல நெகற்றிவை ஒன்றாக்கி ஒரே படம் செய்தார். எல்லாம் இருட்டறைக்குள் கையால் செய்தவை. அவரைப் பொய் செய்தவர் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. எடுப்பது பாதி, பிரிண்டில் கொண்டுவருவது மற்றப் பாதி. தம்பி கணினியில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கப் பழகுவதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

2025 பெப்ரவரி 16

ஒரு றோலுக்கு 36 படம் என்ற எல்லை இருப்பதால்தான் பிலிமில் யோசித்து எடுக்கிறோம் என்று இரண்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். எல்லை உதவும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பிலிமின் சொத்து இல்லை. 1975 இல் கொடக் நிறுவனத்துக்குள்ளேயே ஸ்டீவ் சாசன் முதல் டிஜிற்றல் கமராவைச் செய்தபோது, ஒரு படம் கசற் நாடாவில் பதிய 23 செக்கன் எடுத்தது. ஒரு நாடாவுக்கு 30 படம் என்று அவர் வைத்தார். பிலிம் றோலின் 24க்கும் 36க்கும் இடையில் ஒரு எண்ணாக இருக்கட்டும் என்றுதான். ஆகவே எல்லையை மனிதர் வைப்பதுதான். நீங்களும் வைக்கலாம். காலையில் வெளிக்கிடும்போது "இன்றைக்கு ஒரு றோல் அளவு" என்று முடிவெடுத்துக்கொண்டு போங்கள்.

எல்லை கட்டாயமாக இருந்த இடம் ஒன்று எங்கள் ஊரிலேயே உண்டு. 1956 இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் சுவாமி மலையடியில் கடலுக்குள் இறங்கிப் பழைய கோணேசர் கோவிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். வில்சன் நீருக்கடியில் படம் எடுப்பவர். நீருக்கடியில் றோல் மாற்ற முடியாது. முடிந்தால் மேலே வந்துதான் ஆக வேண்டும். கல்தூணைக் காண முன்பே மீனில் றோலை முடித்துவிட்டால் அவ்வளவுதான். இன்று புறாத்தீவில் முகமூடி போட்டு நீந்துகிற பிள்ளைகள் கையில் கட்டிய சின்னக் கமராவில் நிறுத்தாமல் எடுக்கிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. பவளப்பாறையை அவர்கள் பார்க்கவும் வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

2025 மார்ச் 3

சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வந்த இரவுகளில் இரண்டு கமராவோடும் நின்றேன். ஒன்றில் ஐஎஸ்ஓ 400 கறுப்பு வெள்ளை பிலிம், மற்றது டிஜிற்றல்.

பிலிமில் லென்ஸை எஃப் 2 வரை திறந்து 1/30. நாதஸ்வரக்காரர் மூச்சு இழுக்கும் அந்தக் கணத்தில் மட்டும்தான் அமத்தலாம், மற்ற நேரம் எல்லாம் ஆட்டம். டிஜிற்றலில் ஐஎஸ்ஓ 3200 வைத்தேன், எஃப் 2.8, 1/125. தவில்காரரின் கைகூட ஓரளவுக்கு நின்றது. இரவு, மழை, கோவில் உட்பிரகாரம் என்று வந்துவிட்டால் புதிதாகப் பழகுகிறவருக்கு டிஜிற்றல்தான். இதில் வாதாட ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு விஷயம் என்னைத் திரும்பவும் யோசிக்க வைத்தது. வீதி வளைவுகளில் கட்டியிருந்த பல்ப் மாலைகளும், வாகனத்தில் சுவாமிக்குப் பின்னால் இருந்த பல்புகளும் டிஜிற்றலில் வெறும் வெள்ளைத் துளைகளாக வந்தன. பிறகு எவ்வளவு குறைத்தாலும் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பிலிமில் அவை மெதுவாகக் கரைந்து, பல்பைச் சுற்றிப் பூமாலையின் இதழ்கூடத் தெரிகிறது. மற்றப் பக்கம், வளைவுக்குக் கீழே இருட்டில் நிறைகுடம் வைத்துக்கொண்டு நின்ற அம்மாவின் முகம் பிலிமில் இல்லவே இல்லை. டிஜிற்றலில் கூட்டி எடுக்க முடிந்தது, கொஞ்சம் புள்ளி புள்ளியாக.

2025 மார்ச் 4

நேற்று எழுதியதைச் சட்டமாகவே சொல்லிவிடுகிறேன், புதியவர்களுக்கு உதவும். நெகற்றிவ் பிலிமுக்குக் கொஞ்சம் கூட வெளிச்சம் கொடுத்தாலும் தாங்கும், குறைத்தால் இருட்டில் ஒன்றுமே பதியாது. ஆகவே பிலிமில் எடுக்கும்போது இருண்ட இடத்தைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். டிஜிற்றல் நேர்மாறு. வெளிறிப்போன இடம் போனதுதான், இருட்டிலிருந்து மீட்கலாம். ஆகவே ஆக வெளிச்சமான இடத்தைக் காப்பாற்றுங்கள். ஒளிபாய்ச்சிச் சுவரில் காட்டும் ஸ்லைட் பிலிம், பிலிமாக இருந்தாலும் இந்த விஷயத்தில் டிஜிற்றல் பக்கம், அதைவிடக் கறாரானது.

பிலிமில் நன்றாகக் கைபழகிய பலர் டிஜிற்றலுக்கு வந்ததும் வானம் எல்லாம் வெள்ளையாக எடுத்ததற்குக் காரணம் இதுதான். "பிலிம் தெரிந்தால் எல்லாம் தெரியும்" என்கிற அண்ணாவிடம் தம்பி இதைச் சொல்லலாம்.

2025 ஏப்ரல் 12

இந்தக் கிழமை மதியத்தில் வாசலில் ஒரு தடியை நட்டுப் பாருங்கள். நிழல் தடியின் காலடிக்குள் போய்விடும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் திருகோணமலைக்கு நேர்மேலே வருகிறது, ஆவணியில் இன்னொரு முறை வரும். புதுச்சட்டை போட்ட பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தி எல்லாரும் படம் எடுக்கும் நாட்களும் இவைதான். கண் இருக்கும் இடம் இரண்டு கறுப்புக் குழி, மூக்குக்குக் கீழே மீசை போல ஒரு நிழல்.

பிள்ளைகளை விறாந்தைக்குள் ஒரு அடி உள்ளே எடுத்து, முகத்தை முற்றத்தின் பக்கம் திருப்புங்கள். வெயில் பட்ட மணலும் எதிர்ச்சுவரும் திருப்பி அனுப்பும் வெளிச்சம் கீழிருந்தும் முன்னிருந்தும் வந்து கண்ணை நிரப்பும். கருவிழிக்குள் முற்றத்தின் வெள்ளை ஒரு சின்னச் சதுரமாகத் தெரியும் வரைக்கும் பிள்ளையை நகர்த்துங்கள். அந்தச் சதுரம் வந்தால் முகத்துக்கு உயிர் வந்துவிடும். இதற்கு என்ன கமரா என்று நான் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. போனிலும் செய்து பாருங்கள்.

2025 ஏப்ரல் 27

சாம்பல்தீவு அக்காவுக்கு. ஜனவரியில் காத்திருப்பு கூடாது என்று எழுதினேன். எக்ஸ்போஷர் பழகுவதைப் பற்றிய மட்டில் இப்போதும் அதுதான் என் எண்ணம். ஆனால் உங்கள் பேச்சு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் ஒரு உண்மை இருக்கிறது, அது வேறு இடத்தில் வேலை செய்கிறது.

கரைவலை இழுப்பதைப் படம் எடுத்துவிட்டு வந்த அன்று எல்லாப் படமும் எனக்கு நல்ல படம். உப்புக்காற்று, "ஏலேலோ" சத்தம், மடி கரைக்கு வந்தபோது துள்ளிய சாளை எல்லாம் இன்னும் உடம்பில் இருக்கிறது, அதைத்தான் திரையிலும் காண்கிறேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கூட்டத்தின் முதுகுகள் மட்டும் நிற்கின்றன. மற்றது, அன்று கண்ணிலேயே படாத ஒன்று: கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு மணலில் குதிகால் புதைய நின்ற ஒரு கிழவர். அதுதான் படம். எடுக்கப் பழகுவதற்கு விடை உடனே வேண்டும், தெரிவு செய்யப் பழகுவதற்கு நாள் செல்ல வேண்டும். பிலிம் இந்த இரண்டாவதைக் கேட்காமலே தந்தது.

ஆகவே தம்பி, எடுத்த இடத்தில் நின்று படங்களை அழிக்காதீர்கள். வீட்டுக்கு வந்து கணினியில் போடுங்கள், எக்ஸ்போஷரை மட்டும் பாருங்கள், பூட்டிவிடுங்கள். நல்லது கெட்டது அடுத்த மாதம்.

அழிக்காமல் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கரையோர ஊர்களிலிருந்து ஆட்கள் எங்கள் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார்கள். வீடு போனது, அல்பம் போனது. சிலர் நனைந்த அல்பத்தைப் பையில் போட்டு வந்திருந்தார்கள், படத்தின் மேல் இருக்கும் ஜெலற்றின் ஊறிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அப்படி ஒட்டினதை உரிக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தானாகக் கழன்று வரும்வரை பார்த்திருக்க வேண்டும். முதலாளி நெகற்றிவ்களை வருடவாரியாகக் கடித உறைகளில் போட்டு மேல்தட்டில் வைத்திருந்தார். ஒரு தகப்பனுக்கு, மகள் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தின் நெகற்றிவ் கிடைத்தது. அவர் கேட்ட அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தோம், காசு வாங்கவில்லை. அந்தப் பிள்ளை சிரிக்கக்கூட இல்லை அந்தப் படத்தில், அடையாள அட்டைக்குச் சிரிக்கக் கூடாதே.

இப்போது எல்லாம் ஒரு போனுக்குள் இருக்கிறது. இரண்டு இடத்தில், இரண்டு வெவ்வேறு வீட்டில் பிரதி வைத்திருங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

2025 மே 18

பிலிமை வீட்டில் கழுவலாமா என்று கேட்டவர்களுக்கு: கறுப்பு வெள்ளை தாராளமாக. 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு றோலின் விலையே கையைக் கடிக்கிறது, அதற்கு மேல் கொழும்புக்கு அனுப்பிக் கழுவும் செலவையாவது மிச்சம் பிடிக்கலாம்.

எங்கள் ஊரில் சிக்கல் சூடுதான். எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிமுக்கு டி-76 என்ற கழுவும் கரைசலில் 20 பாகை செல்சியஸில் ஏழரை நிமிடம் என்று கணக்கு. இங்கே குழாயில் வருவது 28, 30 பாகை. அந்தச் சூட்டில் நேரம் மிகவும் குறைந்துவிடும், ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் சீராக வராது, வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். திருக்கடலூர்ப் பக்கம் மீனுக்கு ஐஸ் விற்கும் இடத்தில் ஒரு துண்டு வாங்கி, பேசினில் தண்ணீரோடு போட்டு, அதற்குள் போத்தல்களை நிறுத்துங்கள். கரைசலுக்குள் ஐஸ் போடக் கூடாது, அது கரைந்து கரைசலை நீர்த்துவிடும். கழுவும் தண்ணீரையும் அதே பேசினில் வையுங்கள். குளிர்ந்த பிலிமைச் சடுதியாகச் சூட்டுத் தண்ணீரில் போடுவது அதன் படலத்துக்கு ஆகாது.

இருட்டுப் பைக்குள் கையை விட்டு ரீலில் பிலிம் சுற்றுவதை விடியப்புறம் செய்யுங்கள். மதியத்தில் கை வியர்த்துப் பைக்குள் ஈரமாகும். ரீலில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் பிலிம் பாதியில் இறுகி நிற்கும். முதல்முறைக்கு முன் ஒரு பழைய றோலைப் பலிகொடுத்து, வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிப் பழகுங்கள்.

எதிலும் காசு செலவழிக்க முதல் ஒரு நல்ல மூடி உள்ள பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வாங்குங்கள். மாரியில் எங்கள் ஊர்க் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், வலைப்பின்னல் போல ஓடும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். பழைய லென்ஸ் என்றால் டோர்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்தால் பார்த்து வாங்க வேண்டும். பூஞ்சணம் உள்ளதை நல்லதோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம்.

2025 ஜூன் 8

தம்பி இரண்டையும் எடுத்துக்கொண்டாராம், கனனைக் காசுக்கு, ஜெனித்தை மாமாவிடமிருந்து. ஜெனித் லென்ஸைக் கனனில் பூட்ட முடியுமா என்று கேட்கிறார். எனக்கு இந்தக் கேள்வி வந்ததில் நல்ல சந்தோசம்.

முடியும். லென்ஸ் திருகு 42 மில்லிமீற்றர் என்றால் ஒரு மெல்லிய உலோக வளையம் போதும், விலை பெரிதில்லை. ஆகப் பழைய சில ஜெனித்களில் 39 மில்லிமீற்றர் திருகும் உண்டு, ஆகவே அளந்துவிட்டு வாங்குங்கள். லென்ஸ் மாற்றக்கூடிய கனன் எஸ்எல்ஆர் கமராவில் தூரத்துக் கப்பல் வரை போகஸ் வரும். நிக்கோன் எஸ்எல்ஆர் என்றால் லென்ஸ் பிலிமிலிருந்து நிற்க வேண்டிய தூரம் ஒத்துவராது, இடையில் ஒரு கண்ணாடி இல்லாமல் தூரம் தெளியாது. கனனில் படம் விழும் சிறிய சென்ஸரில் 58 மில்லிமீற்றர் லென்ஸ் 93 மில்லிமீற்றர் அளவுக்கு நெருக்கிக் காட்டும், முகம் எடுக்க நல்ல அளவு. திரையில் அப்பேச்சர் 00 என்று காட்டும், பயப்படத் தேவையில்லை. கமராவுக்கு லென்ஸ் இருப்பதே தெரியாது, அப்பேச்சரும் போகஸும் முழுக்க உங்கள் கையில்.

அந்தக் கமராவின் வியூபைண்டர் தானியங்கி போகஸுக்காகச் செய்தது. எஃப் 2 இல் கண்ணால் பார்த்துத் தெளிவு என்று நினைத்தது தெளிவாக இராது. எடுக்க முன்பே திரையில் காட்சியைக் காட்டும் லைவ் வியூ இருந்தால் அந்தத் திரையில் பத்து மடங்கு பெருப்பித்துக் கண் இமையில் போகஸ் வையுங்கள். இல்லாவிட்டால் எஃப் 5.6 க்கு மூடிக்கொண்டு தொடங்குங்கள். கோட்டை மான்கள் ஆளுக்குப் பயப்படாது, அசையாமல் படுத்து அசைபோடும், நீங்கள் வளையத்தைத் திருப்பும்வரை காத்திருக்கும். அங்கே போங்கள், ஆனால் அது இராணுவம் இருக்கும் இடம், காவல் நிலைகளின் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மணல் பறக்கும். வெளியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வளையம் வந்து சேர்ந்ததும் முதல் படங்களை இங்கே போடுங்கள், எண்களோடு. ஊகம் என்ன, விடை என்ன என்று இரண்டையும் எழுதுங்கள்.